எண்ணூரில் தயாரான 'ஆஸ்டின்' கார்! பழைய வண்டிக்கு உயிர் கொடுக்க நினைக்கும் அப்பா-பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது என்ன?

சென்னை: எண்ணூர் என்றதும் அனல் மின் நிலையமும், அசோக் லேலண்ட் லாரியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த தொழிற்சாலையில் முதலில் தயாரானது லாரி அல்ல, கார்!

ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' கம்பெனியை தொடங்கினார். அசோக் என்றால் பேரரசர் அசோகர் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது சரணின் மகன் பெயர். அப்பா தன் பிள்ளை பெயரில் ஆரம்பித்த கம்பெனி அது. இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களை பூட்டி 1949-ல் 'ஆஸ்டின் ஏ-40' கார் எண்ணூரில் இருந்து வெளியே வந்தது. 1200 சி.சி. பெட்ரோல் என்ஜின். அடுத்த வருடமே லேலண்ட் கம்பெனியுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. 1955-ல் கம்பெனி பெயர் 'அசோக் லேலண்ட்' ஆனது. அதன்பிறகு லாரியும் பஸ்சுமே அங்கு முழு வேலையாகிப் போனது.

இப்போது ஆஸ்டின் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மும்பையில் தயாரான பிரிமியர் பத்மினி, கொல்கத்தா பக்கத்தில் தயாராகி 2014-ல் நின்றுபோன அம்பாசிடர் எல்லாம் தார்ப்பாய் போர்த்தியபடி எங்காவது நிற்கத்தான் செய்கின்றன. தாத்தா ஓட்டிய காராக இருக்கும். இல்லை, பழைய முதலாளி "எடுத்துக்கிட்டு போப்பா" என்று கொடுத்ததாக இருக்கும். வீட்டில் பிளஸ்-1 படிக்கும் பையனோ பொண்ணோ இருந்தால் போதும். "அப்பா, நாமளே ரெடி பண்ணலாம்பா" என்று பேச்சு ஆரம்பித்து விடும்.

செய்யலாம், தப்பே இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் பெயிண்டில் ஆரம்பித்து ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் முட்டிக் கொள்கிறார்கள். வேலை நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர் வரிசையில்.

முதலில் பேப்பர், அப்புறம் ஸ்பேனர்

வண்டிக்கு ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை கையில் வாங்க வேண்டும். அதில் உள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரோடு ஒத்துப் போகிறதா? இதுதான் முதல் கேள்வி. நம்பர் ஒத்துப் போகவில்லை என்றால் எவ்வளவு அழகான காராக இருந்தாலும் விட்டு விடுவது நல்லது. ஆர்.சி.யே இல்லாத வண்டியை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாங்குகிறவர் கார் வாங்கவில்லை, காயலான் கடை இரும்பைத்தான் வாங்குகிறார்.

ஓனர் உயிரோடு இருந்தால் பெயர் மாற்ற படிவம் 29, 30. இறந்து போயிருந்தால் படிவம் 31, வாரிசு சான்றிதழும் வேண்டும். அந்த காலத்தில் பைனான்சில் எடுத்த வண்டி என்றால் கடன் அடைந்ததாக ஆர்.சி.யில் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால், மூடிப்போன பைனான்ஸ் கம்பெனியை தேடி அலைய வேண்டியது வரும். 1989-க்கு முந்தைய 'எம்.எஸ்.', 'எம்.டி.' நம்பர் வண்டிகளில் இன்னொரு தலைவலி உண்டு. பழைய லெட்ஜரில் இருக்கும் விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கலாம். தண்டையார்பேட்டை ஆபீசோ, வண்டி முதலில் பதிவான வேறு ஊர் ஆபீசோ, நேரில் போய் கேட்டு விடுவதுதான் நல்லது.

சொந்த காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டியை காட்டி புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் மக்கள் 'எப்.சி. எடுப்பது' என்கிறார்கள். 2022 ஏப்ரலில் காருக்கான இந்த கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி 20 வருடத்தை தாண்டிய காருக்கு 10 ஆயிரம், பைக்குக்கு 2 ஆயிரம். புதுப்பிக்காமல் தள்ளிப் போட்டால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். 2 வருடம் சும்மா நின்றால் அதுவே 12 ஆயிரம்! பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. பட்ஜெட் நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது இந்த கணக்குதான்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி அதை 'விண்டேஜ்' வண்டியாக பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புது பதிவுக்கு 20 ஆயிரம், 10 வருடம் செல்லும். புதுப்பிக்க 5 ஆயிரம். ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், உருவத்தை மாற்றியிருக்கக் கூடாது. தினமும் ஆபீசுக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போகலாம், அவ்வளவுதான். மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் குடும்பத்தோடு போக ஆசைப்படுகிறவர்களுக்கு சாதாரண பதிவுதான் சரிப்படும்.

உப்புக்காற்று செய்யும் வேலை

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்... இந்த பக்கம் எல்லாம் கடலை ஒட்டிய ஊர். காற்றிலேயே உப்பு. அதோடு ஆலைப் புகையும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்பு தண்ணீரை இழுத்து வைத்துக் கொள்ளும், அதனால் மழையே இல்லாத நாளிலும் துரு வேலை செய்து கொண்டே இருக்கும். தார்ப்பாய் போர்த்தி வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தப்பு. காற்று புகாத தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் தேங்கி, வெயிலில் நின்ற வண்டியை விட அதிகமாக அரித்து விடும். 2015 வெள்ளத்திலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலோ நின்ற வண்டி என்றால் இன்னும் உஷாராக பார்க்க வேண்டும்.

எப்படி பார்ப்பது? ஒரு சின்ன காந்தம் போதும். துணி சுற்றிய காந்தத்தை பாடி மேல் வைத்துக் கொண்டே போனால் தகடு உள்ள இடத்தில் ஒட்டும். ஒட்டாத இடத்தில் உள்ளே தகடு இல்லை, பட்டி பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து மேட்டை தூக்கி விட்டு, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்'கென்று சத்தம் வந்தால் நல்லது. 'பொத்'தென்று போனால் வெல்டிங் வேலை இருக்கிறது.

இதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. ஆஸ்டின் ஏ-40, ஹெரால்டு இரண்டிலும் சேசிஸ் தனி, பாடி தனி. பாடி அரித்திருந்தாலும் அடியில் உள்ள சட்டம் நன்றாக இருந்தால் காப்பாற்றி விடலாம். பத்மினி, அம்பாசிடரில் அப்படி இல்லை, பாடியே சட்டம். கதவுக்கு கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு இற்றுப் போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. அங்கே பட்டி பூசி மறைப்பது ஆளைக் கொல்லும் வேலை.

துருவை தேய்க்கும்போது ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரை கொண்டு போகவே கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்த நம்பர் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். ஆர்வக்கோளாறில் பையன் நம்பரையும் சேர்த்து பாலிஷ் போட்டு விட்டால் கதை முடிந்தது! திருட்டு வண்டியா என்ற கேள்விக்கு பதில் சொல்லிக் கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தை கையால், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மட்டும் துடைத்து, போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

வேலையை எப்படி பிரிப்பது?

பழைய காரில் காசு அதிகம் தின்பது சாமான் அல்ல, கூலி. கழற்றுவது, கழுவுவது, துரு தேய்ப்பது, பழைய பெயிண்டை சுரண்டுவது எல்லாம் நாள் கணக்கில் இழுக்கும் வேலை, ஆனால் பெரிய வித்தை தேவையில்லை. இதை வீட்டிலேயே செய்தால் கூலியில் பெரும்பகுதி மிச்சம். வெல்டிங், என்ஜின் போரிங், கிராங்க் வேலை, கடைசி பெயிண்ட் இவற்றை டிங்கரிடமும் லேத் பட்டறையிலும்தான் கொடுக்க வேண்டும். தொழிற்பேட்டை ஊர் என்பதால் திருவொற்றியூர் பக்கம் லேத்துக்கு பஞ்சமில்லை. கடையில் கிடைக்காத புஷ், பின் போன்றவற்றை பழைய சாம்பிளை காட்டி கடைந்து வாங்கிக் கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு பொருத்தமான வேலை, செல்போனில் படம் எடுப்பது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய நட்டு போல்ட்டை தனி கவரில் போட்டு பெயர் எழுதுவது. ஆறு மாதம் கழித்து பூட்டும்போது "இது எங்கேயிருந்து வந்தது?" என்று முழிக்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி. கோவை ஜி.டி.நாயுடு வாலிப வயதில் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் பழைய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காக கழற்றி மாட்டித்தான் என்ஜினை கற்றுக் கொண்டார். அவருக்கு செல்போன் இல்லை!

வருடக்கணக்கில் நின்ற என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். பிளக்கை கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு சில நாள் ஊற விட வேண்டும். பிறகு கையால் மெதுவாக சுற்றிப் பார்க்க வேண்டும். ஒட்டிப்போன பிஸ்டனை செல்ப் மோட்டாரால் இழுத்தால் ரிங் உடையும், செலவு எகிறும்.

சாமானுக்கு புதுப்பேட்டை இருக்கிறது. அம்பாசிடர், பத்மினிக்கு இன்றும் தேடினால் கிடைக்கும், ஹெரால்டுக்கு பொறுமை வேண்டும். பில் கேட்டு வாங்குவது நல்லது, அதுவும் என்ஜின் பிளாக் என்றால் பில் இல்லாமல் தொடவே கூடாது. ஆஸ்டின் மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் நட்டு எல்லாம் அங்குல அளவு, இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கி விடும். அதைவிட பெரிய வம்பு, அதில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். தெரியாமல் இப்போதைய கார் மாதிரி மாற்றிக் கொடுத்தால் ஒயரிங் கோளாறு ஆரம்பம்.

கார் கட்டுப்படியாகாது என்றால் பழைய புல்லட் இருக்கிறது. 1955-ல் இதே திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கிய வண்டி. பாகங்கள் குறைவு, இடமும் குறைவு, சந்திலேயே வைத்து வேலை பார்க்கலாம்.

பெயிண்டுக்கு முன் பிரேக்

கையில் காசு குறையும்போது பெயிண்டை தள்ளிப் போடலாம், பிரேக்கை தள்ளிப் போட முடியாது. பழைய ரப்பர் வாஷர், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் கட்டாயம் புதுசு. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்த தூசியை வாயால் ஊதுவதோ, ஏர் அடிப்பதோ கூடாது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியை கவரில் கட்டி போட்டு விட வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் உதவாது, எடை தாங்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வாங்கி முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்காமல் பக்கத்தில் வெல்டிங் வைப்பதும் அப்படித்தான். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம், உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய காரின் ரப்பர் ஹோசும், பெட்ரோல் பம்பில் உள்ள டயபிரமும் இதை தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் நின்ற வண்டியின் டேங்க் உள்பக்கமாக துருப்பிடிக்கும். எத்தனாலை தாங்கும் ஹோஸ், டயபிரம் கேட்டு வாங்கி மாற்றி விட்டு, நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோலை தேங்க விடாமல் இருந்தால் பிரச்சினை குறையும்.

எல்லாம் முடிந்து என்ஜின் உறுமியதும் "ஒரு ரவுண்டு மட்டும்பா" என்று பிள்ளை சாவி கேட்கும். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதம், 3 வருடம் வரை ஜெயில். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்த பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 முடிந்து எல்.எல்.ஆர். வாங்கும் வரை ஸ்டீரிங் அப்பாவிடம், பிள்ளைக்கு பக்கத்து சீட்.