அடுக்குக் கேக்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் பிறந்தநாள், திருமணம், தேவாலய விருந்து ஆகிய நாள்களில் பெரிதும் விரும்பி உண்ணப்படும் பண்டம் ஒன்று உண்டு. துயரம் நேர்ந்த வீட்டிற்கு அண்டை அயலார் ஆக்கி எடுத்துச் செல்லும் உணவுகளிலும் அதற்கு இடம் உண்டு. வட்டத் தட்டுகளில் சுட்ட இரண்டு அல்லது மூன்று கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்குகளின் இடையிலும் மேலும் பக்கங்களிலும் பொன்னிறப் பாகைப் பூசி அதனை ஆக்குவர். கேக்கின் மணம் வனிலாவினால் உண்டாவது. பூச்சின் சுவை, சிவக்கக் காய்ச்சிய சர்க்கரையாகிய கேரமலால் உண்டாவது. சர்க்கரை சிவத்தற்கும் கருகுதற்கும் இடையே உள்ள காலம் மிகச் சிறிது. அச்சிறு காலத்தைத் தவறவிட்டால், பாகு கசந்துவிடும். இக்கேக்கின் ஒவ்வொரு பகுதியும் அத்தகைய ஒரு சிறு காலத்தை நம்பியே நிற்கிறது.

இதற்கு வேண்டிய பொருள்களின் அளவை அமெரிக்க இல்லத்தரசியர் எண்களிலேயே நினைவில் வைத்துக்கொள்வர். வெண்ணெய் ஒரு கிண்ணம், சர்க்கரை இரண்டு கிண்ணம், மாவு மூன்று கிண்ணம், முட்டை நான்கு. ஆதலின் 'ஒன்று இரண்டு மூன்று நான்கு கேக்' என்பதே இதன் பழைய வழக்குப் பெயராயிற்று. கிண்ணம் என்பது ஏறத்தாழ 240 மில்லி லிட்டர் கொள்ளும் அளவுக் கிண்ணமாகும். இவற்றோடு ஒரு கிண்ணம் பாலும், மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடரும், இரண்டு தேக்கரண்டி வனிலாச் சாறும், சிறிது உப்பும் சேரும். மாவு, தவிடும் முளையும் நீக்கிய மெல்லிய கோதுமை மாவாக இருத்தல் வேண்டும். புரதம் மிக்க மாவைப் பிசைந்தால் இழுத்தால் நீளும் பசை மிகுதியாகத் தோன்றும்; அது ரொட்டிக்கு நல்லது, கேக்கிற்கு ஆகாது.

முதற்கண் செய்ய வேண்டுவது வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்தலாகும். இவ்வேலையை வெறும் கலத்தல் என்று எண்ணுதல் தவறு. சர்க்கரை மணிகளின் கூரிய முனைகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு செல்லும்போது, அக்கீறல்களில் காற்று நுழைந்து கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழிகளாக நிலைபெறுகிறது. குழைக்கக் குழைக்க வெண்ணெயின் மஞ்சள் நிறம் வெளிறி வெண்மையாவதும், கலவை பருத்து இலேசாவதும் இக்குமிழிகளாலேயே ஆம். வெண்ணெய் கல்லைப் போல் இறுகியிருந்தால் காற்று உட்புகாது. உருகியிருந்தால் புகுந்த காற்று தங்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் வழுக்கி ஓடக்கூடாது. அந்த நிலை ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வாய்க்கும். வெப்ப நாடுகளில் பலர் சுடும் கேக் தட்டையாகிவிடுவதற்கு அடுப்பைக் குறை கூறுவது வழக்கம். குற்றம் பெரும்பாலும் அடுப்பினுடையதன்று. அதற்கு அரைமணி முன்னரே வெண்ணெய் உருகிவிட்டிருக்கும்.

பழங்காலத்தில் கேக்கை எழும்பச் செய்வதற்கு இக்காற்றொன்றே துணையாக இருந்தது. 1747ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையாரின் சமையல் நூல், வெண்ணெய், சர்க்கரை, மாவு ஆகியவற்றை ஒவ்வொரு பவுண்டு எடுத்து, முட்டையும் சேர்த்து, கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்குமாறு கூறுகிறது. ஒரு மணி நேரம் என்று எழுதுவது எளிது. அடித்த கை யாருடையது? செல்வர் இல்லங்களில் அவ்வேலை பணிப்பெண்களைச் சார்ந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், 1865ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிக்கப்படும் வரையில், அஃது அடிமைப்பட்ட கருப்பினப் பெண்களின் தோள்களைச் சார்ந்தது. அம்மாநிலங்களின் சமையற் கலை பெரும்பகுதி அவர்கள் கைகளில் வளர்ந்ததே. எனினும் அவர்களுள் பெயர் தெரிந்தோர் மிகச் சிலர். மலிண்டா ரசல் என்பவர் அடிமையாகாது உரிமையோடு வாழ்ந்த கருப்பினப் பெண்மணி. டென்னசி மாநிலத்தில் பணியாரக் கடை நடத்தி வந்தவர். கொள்ளையரிடம் பொருளை இழந்து, 1864இல் மிச்சிகனுக்குப் புலம்பெயர்ந்தார். ஊர் திரும்புவதற்கான பணத்தைத் தேடும் பொருட்டு 1866ஆம் ஆண்டில் தம் சமையற் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். அதில் பெரும்பாலானவை கேக்குகளும் பிற இனிப்புகளுமே. குறிப்புகள் மிகச் சுருக்கமானவை. பல இடங்களில் பொருள்களின் அளவைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார். கை பழகியவர்க்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுவதில்லை அன்றோ!

கை நோக அடிக்கும் உழைப்பைக் குறைத்தது வேதியியல். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு ஈஸ்ட் சேர்ந்த ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவர்பொருட்டு ஈஸ்ட் இன்றியே ரொட்டியை உப்பச் செய்யும் தூள் ஒன்றை அவர் 1843ஆம் ஆண்டில் ஆக்கினார். இன்றைய பேக்கிங் பவுடரின் முன்னோடி அதுவே. சமையற் சோடாவும், அதனோடு வினைபுரியும் ஓர் அமிலப் பொருளும், அவ்விரண்டும் ஈரம்பட்டு முன்னரே கலந்துவிடாமல் காக்கும் மாச்சத்தும் அதில் உள்ளன. ஈரமும் சூடும் பட்டவுடன் கரியமில வாயு எழுகின்றது. இட்லி மாவில் நுண்ணுயிர்கள் ஓர் இரவெல்லாம் செய்யும் வேலையை இத்தூள் சில நிமிடங்களில் செய்கிறது. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். இவ்வாயு தானாகப் புதுக்குமிழிகளைத் தோற்றுவிப்பதில்லை. வெண்ணெயைக் குழைக்கும்போது நுழைந்த காற்றுக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றையே பெரிதாக்குகிறது. ஆதலின் குழைத்தலில் சோம்பியவர், தூளை இருமடங்கு கொட்டினாலும் பயனில்லை.

குழைத்த வெண்ணெயில் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்க வேண்டும். நான்கையும் ஒருங்கே கொட்டினால் நீர்ப்பொருளும் கொழுப்பும் பிரிந்து கலவை திரிந்து போகும். பின்னர் மாவையும் பாலையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மாவின் வெள்ளைத் தடம் மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் கிண்டினால் மாவில் பசை இறுகிக் கேக் அடர்ந்துவிடும். இந்நிலையில் வனிலாச் சாறு சேரும். கலவையை ஒன்பது அங்குல வட்டத் தட்டுகள் மூன்றில் பங்கிட்டு, 175 பாகை செல்சியஸ் அளவில் முன்னரே சூடேற்றி வைத்த மூடிய அடுப்பினுள், காலம் தாழ்க்காமல் வைக்க வேண்டும். வாயு எழத் தொடங்கிவிட்டது, அது காத்திராது.

அடுப்பினுள் நிகழ்வது ஒரு போட்டி. வெண்ணெய் உருகுகிறது; காற்று விரிகிறது; நீர் ஆவியாகிறது; குமிழிகள் பருத்துக் கலவையை மேலே தூக்குகின்றன. மறுபுறம் முட்டையின் புரதம் உறைந்து, மாச்சத்து நீரை உண்டு பருத்து, குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. சுவர் இறுகுமுன் அடுப்பின் கதவைத் திறந்தால், உட்புகும் குளிர்காற்றால் குமிழிகள் சுருங்கிக் கேக்கின் நடுப்பகுதி பள்ளமாகிவிடும். எனவே முதல் இருபது நிமிடம் கதவைத் தொடாதிருத்தலே நன்று. இருபத்தைந்து முதல் முப்பது நிமிடத்தில் நடுவில் ஒரு மெல்லிய குச்சியைச் செருகி எடுத்துப் பார்க்க, மாவு ஒட்டாதிருப்பின் வெந்தது என்பது தெளிவு.

இனி வனிலா. இதனைத் தருவது ஆர்க்கிடு இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி. அதன் தாயகம் மெக்சிகோவும் அதனைச் சூழ்ந்த நாடுகளும் ஆகும். மெக்சிகோவின் டோட்டோனாக் மக்கள் நெடுங்காலமாக அதனைப் பேணி வந்தனர். வனிலாப் பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். அதன் மகரந்தத்திற்கும் சூலகமுடிக்கும் இடையே மெல்லிய தோல் ஒன்று தடுப்பாக நிற்பதால், பிற துணையின்றி அது காய்ப்பது அரிது. தாயகத்தில் அங்குள்ள தேனீக்கள் அத்துணையைச் செய்தன. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த ரீயூனியன் தீவிற்கு 1820ஆம் ஆண்டை ஒட்டி இக்கொடி கொண்டுவரப்பட்டது. கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. பெல்ஜிய நாட்டுத் தாவர அறிஞர் சார்ல்ஸ் மோரன் 1836இல் செயற்கை முறையில் காய் பெற்றுக் காட்டினார்; ஆனால் தோட்டங்களில் பரவத்தக்க எளிய முறையாக அஃது அமையவில்லை.

1841ஆம் ஆண்டில் ரீயூனியனின் செயின்ட் சூசான் ஊரில் ஒரு தோட்ட உரிமையாளர், பல்லாண்டுகளாக மலடாக நின்ற தம் வனிலாக் கொடியில் காய் தொங்கக் கண்டு வியந்தார். அதனைக் காய்க்கச் செய்தவன் தானே என்றான் எட்மண்டு என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் அத்தோட்டத்து அடிமை, பிறந்தபோதே தாயை இழந்தவன், பள்ளி செல்லாதவன். உரிமையாளர் பெல்லியே போமோன், பூசணி இனக் கொடி ஒன்றின் பூக்களைக் கையால் சேர்க்கும் முறையை அவனுக்கு முன்பு காட்டியிருந்தார். அதை நினைவிற்கொண்டு அவன் வனிலாப் பூவைத் தானே ஆராய்ந்திருந்தான். சிறு மூங்கிற் சிம்பால் தடுப்புத் தோலை உயர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடிமேல் அழுத்தினான், அவ்வளவே. அண்டைத் தோட்டங்களுக்கு அவனை அனுப்பி, அங்குள்ள அடிமைகளுக்கும் அதனைக் கற்பிக்கச் செய்தனர். தாவர அறிஞர் ஒருவர் அம்முறையைத் தாமே கற்பித்ததாகப் பின்னர் உரிமை பாராட்டினார். உண்மையை எழுதி எட்மண்டின் பக்கம் நின்றவர் பெல்லியே போமோனே. 1848இல் அடிமைத்தளை நீங்கியபோது, அல்பியசு என்னும் குடும்பப் பெயர் எட்மண்டுக்குக் கிடைத்தது. பொருட்பயன் ஒன்றும் கிடைக்கவில்லை. தீவின் தோட்டக்காரர் செல்வம் குவிக்க, அவர் 1880ஆம் ஆண்டில் வறுமையில் இறந்தார்.

இன்று வனிலாவை மிகுதியாக விளைவிக்கும் மடகாஸ்கரிலும் அவர் கண்ட முறையே கையாளப்படுகிறது. பூக்கும் பருவத்தில் நாள்தோறும் காலையில் தொழிலாளர் கொடிதோறும் சென்று, மலர்ந்த பூவை அன்றே தொட்டாக வேண்டும். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும். பச்சைக் காய்க்கு மணமில்லை. வெந்நீரில் தோய்த்து, கம்பளியில் பொதிந்து வியர்க்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, சில திங்கள் பதப்படுத்திய பின்னரே அது கறுத்து மணக்கும். இம்மணத்தின் முதற்பொருளாகிய வனிலினை, ஊசியிலை மரச்சாற்றில் உள்ள ஒரு பொருளிலிருந்து 1874இல் செருமானிய வேதியியலார் செயற்கையாக ஆக்கினர். இன்று உலகம் நுகரும் வனிலா மணத்தில் பெரும்பகுதி செயற்கையானதே. விலை மலிவு, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இயற்கைக் காயில் உள்ள நூற்றுக்கணக்கான மணப்பொருள்களின் கூட்டுறவு அதற்கு வாய்க்கவில்லை.

கேக் ஆறும் வேளையில் பூச்சைக் காய்ச்ச வேண்டும். மூன்று கிண்ணம் சர்க்கரையில் அரைக் கிண்ணத்தைத் தனியே எடுத்து, நீர் விடாமல், அடிகனத்த இரும்புச் சட்டியில் இளந்தீயில் இடுவர். முதலில் ஓரங்களில் நீர்போல் உருகும். பின்பு வைக்கோல் நிறம் பெறும். ஏறத்தாழ 170 பாகையை ஒட்டித் தேனின் நிறம் ஏறும். சர்க்கரையின் மூலக்கூறுகள் வெப்பத்தால் சிதைந்து, நிறமும் மணமும் இளங்கசப்பும் உடைய புதுப்பொருள்கள் பலவாக மாறுகின்றன. 190 பாகையைக் கடந்தால் எஞ்சுவது கசப்பே. சட்டியை இறக்கிய பின்னும் இரும்பின் சூட்டால் பாகு சிவந்துகொண்டே செல்லும். ஆகவே வேண்டிய நிறத்திற்குச் சற்று முன்னரே இறக்குவது அறிவுடைமை. எஞ்சிய சர்க்கரையை ஒரு கிண்ணம் பாலிலும் அரைக் கிண்ணம் வெண்ணெயிலும் கரைத்துச் சூடாக வைத்திருந்து, இப்பாகை அதில் மெல்ல ஊற்ற வேண்டும். பாகு சீறிப் பொங்கும். முகத்தையும் கையையும் விலக்கிக் கொள்ளுதல் வேண்டும். சிறுவர் இதனைத் தனியே செய்யத் துணியலாகாது.

பின்பு அனைத்தையும் 114 பாகை வரை காய்ச்சுவர். வெப்பமானி இல்லாதார் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, அது விரல்களுக்கிடையே மெல்லிய உருண்டையாகத் திரள்கின்றதா என்று பார்ப்பர். அதிரசத்திற்குப் பாகு காய்ச்சும் தமிழ்நாட்டுப் பெண்களும் இவ்வாறே நீரில் விட்டுப் பதம் பார்ப்பதுண்டு. இரு நாட்டினரும் ஒருவரையொருவர் கண்டு கற்றதன்று. சர்க்கரையின் இயல்பு எங்கும் ஒன்றே ஆதலின் சோதனையும் ஒன்றாயிற்று.

பதம் வந்ததும் இறக்கிச் சிறிது ஆறவிட்டு, மரக்கரண்டியால் இடைவிடாது அடிக்க வேண்டும். அடிக்குந்தோறும் சர்க்கரை நுண்படிகங்களாகப் பிரிந்து, பளபளப்பு மங்கிப் பாகு குழைவுறுகிறது. அடிக்காமல் விட்டால் பெரும்படிகங்கள் தோன்றி நாவில் மணல்போல் நெருடும். பளபளப்பு மங்கியவுடன் பூசத் தொடங்க வேண்டும். அதற்குமுன் பூசினால் வழிந்துவிடும், சில நிமிடம் தாழ்த்தால் சட்டியிலேயே கல்லாகிவிடும். இறுகத் தொடங்கினால் ஒரு கரண்டி சூடான பால் விட்டுக் குழைத்து இளக்கிக்கொள்ளலாம். முதல் அடுக்கின்மேல் பூசி, இரண்டாவதை வைத்துப் பூசி, மூன்றாவதையும் வைத்தபின் மேலும் பக்கங்களும் பூசப்படும். ஒரு மணி நேரத்தில் பூச்சின் மேற்புறம் மெல்லிய ஓடுபோல் இறுகி, உட்புறம் குழைவாகவே இருக்கும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால், அவ்வோடு நொறுங்காமல் துண்டுகள் செம்மையாக வரும்.