அருவிக்கு அகப்படாத மணம்

தென்காசி வாசகர் ஒருவர் கேட்கிறார்: குற்றாலத்தில் வாங்கி வந்த கற்பூரவல்லி மாடித் தொட்டியில் தளதளவென்று வளர்ந்திருக்கிறது. ஆனால், பக்கத்தில் நின்றால் வாசமே இல்லை; கசக்கினால்தான் மணக்கிறது. மூலிகை மலைத் தண்ணீர் கிடைக்காததால் வீரியம் குறைந்துவிட்டதா?

குறையவில்லை. மணத்தைச் செடி பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டு அத்தனை அழகானது.

கற்பூரவல்லி இலையை மூடியிருக்கும் மெல்லிய மயிர்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் இருக்கின்றன. சாரல் காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் கொப்புளமாக உப்பி நிற்குமே, ஏறக்குறைய அதேதான். செல்லின் சுவர் வேறு, அதன் மேல் பூசிய மெழுகுத் தோல் வேறு. உள்ளே சுரக்கும் எண்ணெய் சுவரைத் தாண்டி வந்து, சுவருக்கும் தோலுக்கும் இடையில் தேங்க, தோல் உப்புகிறது. வீட்டுச் சுவரில் ஈரம் வேண்டாத விருந்தாளி. இங்கே வீட்டுக்காரர்களான செல்களே எண்ணெய் காய்ச்சி, சுவர் வழியாக வெளியே தள்ளி, பெயிண்டுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. கார்வக்ரோல், தைமால் போன்ற இந்தப் பொருள்கள் கிருமியின் செல் சவ்வைக் குலைப்பவை. வீட்டுக்குள்ளேயே தேங்கினால் சமைத்தவர்களுக்கும் அதே கதிதான். கொப்புளத்தைக் கண்டால் விரலால் அழுத்தாத பிள்ளை உண்டா? பூச்சி கடித்தாலும் நாம் கசக்கினாலும் தோல் கிழிந்து மணம் வெளிப்படுகிறது. ஓமத்தில் இருப்பதும் தைமால்தான். கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்ற இன்னொரு பெயர் அதனால் மிகப் பொருத்தம்.

 

மலைத் தண்ணீர் பற்றிய கேள்விக்கும் விடை அந்த மெழுகுத் தோலில் இருக்கிறது. ஆயிரம் மூலிகைகளைத் தழுவி வருவதால் குற்றால அருவி நீரே மருந்து என்று சீசன்தோறும் சொல்கிறார்கள். ஆனால், மழைநீர் இலையின் மெழுகு மேல் வழுக்கி ஓடிவிடும். கொப்புளம் உடைந்தாலும் உள்ளே இருப்பது தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும் எண்ணெய். சருகிலிருந்து கரைகிற துவர்ப்புப் பொருளும் அத்தனை தண்ணீரில் எங்கே தேறும்? குற்றாலத்து ஐந்தருவியில் நின்றால் உடம்பு லேசாகிறது, உண்மை. அது குளிர்ச்சியும் தண்ணீர் அடிக்கும் வேகமும் தரும் சுகம். அந்தச் சுகமே போதும். அருவி நீரைப் பாட்டிலில் அடைத்து மூலிகை நீர் என்று விற்றால் வாங்காதீர்கள்.

வாசகரின் தொட்டிக்கு மலைத் தண்ணீர் வேண்டாம். செம்மண், மணல், மக்கிய எரு, நல்ல வெளிச்சம் போதும். சதைப்பற்றுள்ள இலையே நீரைச் சேமித்துக்கொள்ளும் என்பதால், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். சாரல் மாதங்களில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்தாவிட்டால் வேர் அழுகும். கணுவுக்குக் கீழே ஒடித்த தண்டை ஊன்றினால் அடுத்த செடி தயார். இலை கைமருந்துதான்; ஆனால், குழந்தைக்கு மூச்சு இரைத்தால் தொட்டிப் பக்கம் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

இலையைக் கஷாயம் வைக்கும்போது பாத்திரத்தை மூடி வையுங்கள். இந்த எண்ணெய் ஆவியோடு எளிதில் போய்விடும். அடுப்படி முழுக்க மணந்தால், டம்ளருக்கு வர வேண்டியது குறைந்துவிட்டது என்று அர்த்தம்.