கேள்வி மாறினால் ஆயுள் மாறுமா?

ஆசிரியர்களே, மாணவர்களே, இந்த இரண்டு கேள்விகளையும் பாருங்கள்.

1. 85 வயது வரை நீங்கள் உயிரோடு இருக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு?
2. 85 வயதுக்குள் நீங்கள் இறந்துவிட எத்தனை விழுக்காடு வாய்ப்பு?

கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானே? முதலாவதற்கு 60 என்றால் இரண்டாவதற்கு 40 வர வேண்டும். ஆனால் அப்படி வரவில்லை! அமெரிக்காவில் ஜான் பெய்ன் குழுவினர் 2,300 பேரிடம் மூன்று ஆய்வுகள் நடத்தி, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். ‘இருப்பீர்களா’ என்று கேட்கப்பட்டவர்கள், ‘இறப்பீர்களா’ என்று கேட்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக 7 முதல் 9 ஆண்டு கூடுதலாக வாழ்வோம் என மதிப்பிட்டிருந்தார்கள்.

ஏன் இப்படி? முதல் கேள்வி தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டியை ஞாபகப்படுத்தும். இரண்டாவது, குடும்பத்தில் உள்ள சர்க்கரை நோயை. எது முதலில் மனத்துக்கு வருகிறதோ, விடையும் அந்தப் பக்கமே சாயும்.

இது வெறும் வேடிக்கை இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பை எத்தனை ஆண்டுக்குப் பிரித்துச் செலவழிப்பது? இந்த ஊகத்தை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். ஏழெட்டு வருஷம் குறைத்துப் போட்டுவிட்டால், கடைசிக் காலத்தில் கையில் காசு இருக்காது.

கள ஆய்வுக்கு வினாநிரல் தயாரிக்கும் மாணவர்களே, பாதிப் பேரிடம் ஒரு விதமாகவும், மீதிப் பேரிடம் எதிர்மறையாகவும் கேட்டுப் பாருங்கள். விடைகள் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் அளந்தது மக்களின் கருத்தை மட்டுமல்ல, உங்கள் கேள்வியையும் சேர்த்துத்தான்.