ஊர்ப்பணமும் திறைசேரிப் பணமும்

ஒழுங்கை முனையில் மதகொன்று இடிந்து விழுமாயின், அதனைத் திருத்தும் பொறுப்பு எவருடையது? பிரதேச சபையினுடையது என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிச் சிறுவனும் விடை பகர்வான். அத்திருத்தத்திற்கு வேண்டிய பணம் எவருடையது என்று வினவினால், விடை அத்துணை எளிதன்று. பொறுப்பு ஓரிடத்திலும் பணம் பிறிதோரிடத்திலும் இருத்தலால் விளையும் இடர்ப்பாடே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மாநகர சபை. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்றும் நகர சபைகள். எஞ்சிய 13உம் பிரதேச சபைகள். யாழ்ப்பாண நகரம் 1949ஆம் ஆண்டில் மாநகர சபை என்னும் நிலையை எய்தியது. கிராமப் புறங்களிலோ, 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த கிராம மன்றங்கள் நெடுங்காலம் நிலவின. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றியபொழுது கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. பின்னர் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரதேச சபைகள் அமைந்து, 1988 ஜனவரியில் இயங்கத் தொடங்கின.

இம்மன்றங்களுக்கு வருவாய் மூன்று வழியாக வந்து சேர்கின்றது. முதலாவது, மன்றம் தானே ஈட்டுவது. நம்மவர் சோலைவரி என வழங்கும் ஆதனவரி இதில் தலையாயது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு பெறும் என மதிப்பிட்டு, அம்மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என விதிப்பதே அவ்வரி. பிரதேச சபையோ, கட்டடங்கள் செறிந்த இடம் என முறைப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளிலேயே அதனை அறவிடலாம். ஏனைய பயிர்நிலங்களுக்கு ஏக்கர் வரியே உரியது. இவற்றுடன் கடை வாடகை, உரிமக் கட்டணம், களியாட்ட வரி, சந்தைக் குத்தகை ஆகியனவும் சேரும். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் வந்து குவியும் காய்கறிகள் உழவனுக்கு மட்டுமன்றி, முறையே நல்லூர்ப் பிரதேச சபைக்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கும் வருவாய் தருவன.

இரண்டாவது, பிறர் அறவிட்டு மன்றத்துக்குக் கொடுப்பது. காணி கைமாறும்பொழுது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றங்களில் விதிக்கப்படும் தண்டப்பணமும் மாகாண நிருவாகத்தின் ஊடாக மன்றங்களை வந்தடைகின்றன. காணி விற்பனை மந்தமானால் இவ்வருவாயும் சுருங்கும். மேலும், பணம் எப்பொழுது கைக்கு வரும் என்பதும் மன்றத்தின் வசத்தில் இல்லை.

மூன்றாவது, கொழும்புத் திறைசேரியிலிருந்து வரும் மானியம். இதில் ஒரு பகுதி ஊழியர் சம்பளத்திற்கே செல்வது. மற்றொரு பகுதி, இன்ன வேலைக்கு என முன்னரே குறிக்கப்பட்டு வருவது. வடிகால் வேண்டி நிற்கும் ஊருக்குக் கட்டடத்திற்கென்று பணம் வந்தால், அதனை வடிகாலுக்குச் செலவிட மன்றத்துக்கு உரிமை இல்லை. எண்ணிக்கையில் ஒரே ரூபாயாயினும், தானே ஈட்டிய ரூபாய் ஊரின் விருப்பத்தை நிறைவேற்றும். குறித்து வந்த ரூபாய் கொடுத்தவரின் விருப்பத்தையே நிறைவேற்றும்.

அங்ஙனமாயின், ஒவ்வோர் ஊரும் தன் வருவாயைக் கொண்டே வாழ்வதுதான் நேரிய வழி அன்றோ எனச் சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு நெடுந்தீவே விடை கூறும். கடைவீதிகள் நிறைந்த யாழ்ப்பாண நகரத்தின் வரிவளம் வேறு. கடல் கடந்து செல்லவேண்டிய நெடுந்தீவின் வரிவளம் வேறு. ஆயினும் குடிநீரும் வீதியும் இரண்டிடத்தார்க்கும் வேண்டுவனவே. வலிகாமம் வடக்கின் நிலையோ இன்னும் கொடியது. 1990ஆம் ஆண்டில் மக்கள் இடம்பெயர்ந்து, நிலங்கள் நெடுங்காலம் இராணுவத்தின் பிடியிலிருந்த அப்பகுதியில், கூரையிழந்த வீட்டுக்கு ஆண்டு மதிப்பு ஏது? மீண்டு வந்தவர்க்கு வீதியும் விளக்கும் உடனே வேண்டும். வரி செலுத்தும் வலிமையோ பல்லாண்டு கழிந்தே வரும். ஆகவே மானியம் என்பது பிச்சை அன்று. நாட்டின் பொதுச்செல்வத்தை நிரவும் கருவி.

அக்கருவியை எந்த அளவுகோலால் கையாள்வது என்பதே உண்மையான சிக்கல். அவுஸ்திரேலியா 1933ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி ஆணைக்குழு ஒன்றை நிறுவியது. இந்தியாவில் 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணைக்குழு அமைத்து, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய பங்கை ஆராயவேண்டும் என விதித்தன. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் நிதி ஆணைக்குழுவை அமைத்தது. குடித்தொகை, ஆள்வீத வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைத்தல் ஆகியன அதன் அளவுகோல்கள். எனினும் அவ்வளவுகோல்கள் மாகாணங்களுக்கு இடையே பகிர்வதற்கானவை. நெடுந்தீவுக்கும் நல்லூருக்கும் இடையே பகிர்வதற்கு அவை நேராக வழிகாட்டவில்லை.

இக்கேள்வி புதியதன்று. 1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிரதேச சபைகளுக்கு வரிவிதிக்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் இருக்கும் என்றும், மத்திய அரசு மொத்த மானியம் வழங்கும் என்றும் கூறியது. அக்காலத்துப் பேச்சில் பிரதேச சபை என்றது பல மாவட்டங்களை உள்ளடக்கத்தக்க பெரிய சபையை. இன்றைய சிறிய சபையை அன்று. மானியத்தைக் கணிக்கும் நெறியைப் பின்னர் ஆராய்வதாக அவ்வுடன்படிக்கை விட்டுவைத்தது. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. நெறியும் ஆராயப்படாமலே போயிற்று.

பணத்தின் பிடி எத்துணை வலியது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டியது. 2023 மார்ச்சில் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியிலிருந்து பணம் விடுவிக்கப்படாமையால் நின்றுபோயிற்று. மன்றங்களின் பதவிக்காலம் அம்மாதத்திலேயே முடிந்தது. மக்களின் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளே மன்றங்களை நடத்தினர். இவ்வாறு தேர்தல் நடைபெறாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் நாளே நடைபெற்றது. மதகுக்கான பணம் மட்டுமன்று, மதகைக் கேட்கும் வாயும் திறைசேரியின் கதவை நோக்கி நின்ற காலம் அது.

ஆயினும் குறை முழுவதையும் கொழும்பின்மேல் சுமத்தி நாம் அமைதி கொள்ளல் ஆகாது. சோலைவரியை ஆண்டுக்கணக்கில் செலுத்தாது விட்டு, வீதிவிளக்கு எரியவில்லை என முறையிடுதல் நேர்மை அன்று. பல்லாண்டு பழமையான மதிப்பீட்டைப் புதுப்பிக்க அஞ்சும் மன்றமும் தன் கையைத் தானே கட்டிக்கொள்வதாகும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட, முதல்வர் பதவியிழக்க நேர்ந்தது. வரவுசெலவுக் கணக்கு வெறும் எண்களின் அடுக்கு அன்று, ஊராட்சியின் உயிர்நிலை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் இரு பக்கத்தார்க்கும் கடமை உண்டு. மத்திய அரசு தன் விருப்பின்படியன்றி, எல்லாரும் அறிந்த ஒரு நெறியின்படி, ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, உரிய காலத்தில் மானியம் வழங்குதல் வேண்டும். அதில் ஒரு பகுதியையேனும் குறிப்பின்றி விட்டு, ஊரின் தேவையை ஊரே தேர்ந்துகொள்ள இடமளித்தல் வேண்டும். குடிமக்களோ வரியைச் செலுத்துவதோடு அமையாது, அது எங்கே சென்றது என்று மன்றத்தைக் கேட்டறிதல் வேண்டும். வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பான்; கணக்குக் கேட்கப்படும் மன்றம் விழிப்போடு இருக்கும்; விழிப்புள்ள மன்றமே திறைசேரியின் முன் இரந்து நில்லாது, தன் உரிமையை எடுத்துரைக்கும் தகுதி பெறும்.