உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காட்டு வெடிமருந்தும் வாள் தொடாத சபையும்

பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சாந்தோம் போர்த்துகீசியர் 1612-ல் இங்கிருந்த டச்சுக்காரர்களைத் தாக்கியதால், மறு வருஷமே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. பிறகு வெடிமருந்தும் இங்கேயே தயாராகி, கடல் தாண்டி பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) வரை போனது.

அந்தக் கம்பெனியில் பணம் போட்டிருந்தவர்களில் ஆயுதமே தொடாதவர்களும் உண்டு, தெரியுமா? அவர்கள் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1603-ல் சிங்கப்பூர் அருகே டச்சுக் கப்பல்கள் ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துகீசியக் கப்பலைச் சரக்கோடு பிடித்தன. அடித்துப் பறித்த காசில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று மென்னோனைட் பங்குதாரர் சிலர் மறுத்தார்கள். கம்பெனியின் பக்கத்தை நியாயப்படுத்த டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் ஒரு நூல் எழுதினார். அதன் ஓர் அத்தியாயம் 1609-ல் தனியாக வெளிவந்தது. கடல் எல்லோருக்கும் பொது என்ற சட்டக் கொள்கைக்கு அதுதான் தாய்நூல்!

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மென்னோனைட்டுகள் ஏற்பதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானே கேட்டுப் பெற வேண்டும். 1525 ஜனவரி 21-ல் சூரிச்சில் தொடங்கிய வழக்கம் இது. இரண்டே வருஷத்தில், அதன் முன்னோடிகளில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸைப் பிடித்து லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். சபைக்குப் பெயர் தந்த மென்னோ சைமன்ஸ், 1536-ல் கத்தோலிக்கக் குருப்பட்டத்தைத் துறந்தவர்.

அதே விசுவாசத்துக்காகச் சிறைப்பட்ட டிர்க் வில்லெம்ஸ் கதையைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். சிறையிலிருந்து துணி முடிச்சுக் கயிற்றில் இறங்கித் தப்பியவர், மெல்லிய பனிக்கட்டி மேல் ஓடிக் கரையேறிவிட்டார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து தண்ணீரில் விழுந்தான். டிர்க் திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கினார். அதனாலேயே பிடிபட்டார். 1569 மே 16-ல் அவரை உயிரோடு எரித்தார்கள். குனிந்து இரண்டு கைகளையும் நீட்டும் அந்தக் கணத்தை டச்சு ஓவியர் யான் லாய்க்கன் 1685-ல் செம்புத் தகட்டில் செதுக்கினார். இன்றும் மென்னோனைட் வீடுகளில் அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

நம்மூர்ச் சபைகளில் ஜெபத்தின்போது பெண்கள் முந்தானையை முக்காடாகப் போடுவார்கள் அல்லவா? பழமை பேணும் மென்னோனைட் பெண்கள் அன்றாடமும் தலையை மூடியே இருப்பார்கள். எளிய உடையையும் விடாமல் மிஷன் பணியையும் செய்ய விரும்பிய ஆமிஷ் மென்னோனைட் சபைகள் சில, 1910-ல் மிச்சிகனின் பிஜன் என்ற ஊரில் கூடித் தனிப் பேரவை அமைத்தன. ‘ஆமிஷ்’ என்ற சொல்லை அது பெயரிலிருந்து எடுத்தது 1954-ல்.

இந்தியாவுக்கு வந்த கதை? இங்கே ஏற்பட்ட பஞ்சத்தை அடுத்து, 1899-ல் மத்திய இந்தியாவின் தம்தரிக்கு அமெரிக்க மென்னோனைட்டுகள் வந்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1889-ல், ரஷ்யாவிலிருந்து ஆபிரகாம் ஃப்ரீசன் தம்பதி தெலுங்கு நாட்டுக்குக் கப்பலேறி, நல்கொண்டாவில் ஊழியம் தொடங்கினார்கள். அவர்களோடு கைகோத்தது அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன். அது வேர்விட்ட ஊர், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ரயில் போகும் அதே நெல்லூர்.