ஏர்பேக் காரில் ரிப்பேர் வேலையா? பேட்டரி ஒயரை கழற்றினா மட்டும் போதாது... உஷார்!

ஸ்ரீபெரும்புதூர்:-

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகள் மட்டுமல்ல, கார் ரிப்பேர் பட்டறைகளும் உண்டு. பட்டறைக்கு வரும் கார்களில் இப்போது ஏர்பேக் சாதாரணம். 2019 ஜூலை 1 முதல் புது கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்சீட் பயணிக்கும் கட்டாயம் ஆனது.

உயிரைக் காக்கும் இந்தப் பை, கவனமில்லாமல் கை வைத்தால் உயிரையே எடுக்கும்.

புளோரிடாவில் பலி

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் ஹயாலியா நகரில் 2016 ஜூன் மாதம் ஒருவர் 2001-ம் வருட ஹோண்டா அக்கார்டு காரை ரிப்பேர் செய்தார். சாவி 'ஆன்' நிலையில் இருந்தது. உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் வேலை செய்தபோது ஏர்பேக் வெடித்தது. அவர் பலியானார். அந்தக் காரில் இருந்தது டகாட்டா கம்பெனியின் பழுதான இன்ப்ளேட்டர்.

எல்லா ஏர்பேக்கும் அப்படி சிதறாது. ஆனால் நல்ல ஏர்பேக் கூட கண் இமைக்கும் நேரத்தில் விரியும். எதிரே முகமோ கையோ இருந்தால் பலத்த காயம்தான்.

ஏன் காத்திருக்கணும்?

விபத்தில் பேட்டரி நொறுங்கினாலும் ஏர்பேக் வேலை செய்யணும். அதற்காக அதன் கன்ட்ரோல் பெட்டியில் கொஞ்சம் கரண்ட் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். பேட்டரியை கழற்றிய பிறகும் அந்தக் கரண்ட் சிறிது நேரம் இருக்கும். அதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியது என்ன?

* சக்கரத்தை நேராக வைத்து, சாவியை ஆப் செய்து வெளியே எடுங்க.

* பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை கழற்றி, திரும்ப படாதபடி டேப் சுற்றுங்க.

* குறைந்தது 3 நிமிஷம் காத்திருங்க. அந்தக் காரின் புத்தகத்தில் அதிக நேரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

* பிறகுதான் ஏர்பேக் கனெக்டரை (பெரும்பாலும் மஞ்சள் நிறம்) பிரிக்கணும். சீட்டுக்கு அடியிலும் இருக்கலாம்.

* கழற்றிய ஏர்பேக்கை மூடி வெளிப்பக்கம் பார்க்க தூக்குங்க. மேஜையில் மூடி மேலே இருக்கும்படி வையுங்க. கவிழ்த்து வைத்தால், வெடிக்கும்போது ராக்கெட் மாதிரி கிளம்பும்.

* அதில் டெஸ்ட் லைட், மீட்டர் வைக்கவே கூடாது. பக்கத்தில் வெல்டிங்கும் வேண்டாம்.

வேலை முடிந்ததும்...

முதலில் கனெக்டரை மாட்டுங்க. கடைசியில்தான் பேட்டரி. அந்த நேரம் காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. சாவியை ஆன் செய்தால் மீட்டர் போர்டில் ஏர்பேக் லைட் சில வினாடி எரிந்து அணையணும். அணையாவிட்டாலும் கோளாறு, எரியவே இல்லாவிட்டாலும் கோளாறு.

சிலர் அந்த லைட்டை அணைக்க ஒயரில் தில்லுமுல்லு செய்வாங்க. லைட் அணைந்துவிடும், விபத்தில் பை விரியாது. வண்டியை டெலிவரி எடுக்கிறவங்க இந்த லைட்டை பார்த்துவிட்டு காசு கொடுப்பது நல்லது.