ஒரு சந்தேகமும் இரு சொற்களும்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். அக்காலமெல்லாம் என் செவியில் மிகுதியாக விழுந்த வாக்கியம் எது என்று கேட்பீர்களாயின், "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்பதே. அதனை ஆங்கிலத்தில் கூற நேரும்போது நம் மாணவர் 'ஐ ஹாவ் எ டவுட்' என்பர். நம் வகுப்பறையில் இது யாரையும் புண்படுத்துவதில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஓர் ஆசிரியரிடம் இவ்வாறு கூறினால், தாம் சொன்னதை மாணவன் நம்பவில்லை போலும் என்று அவர் எண்ணக்கூடும். விளக்கம் வேண்டுவோர் அங்கே 'கொஸ்சின்' என்னும் சொல்லையே ஆள்வர். 'டவுட்' என்பது வினவுதல் அன்று, நம்பத் தயங்குதல்.

சந்தேகம் என்னும் சொல்லுக்கு ஈடாக மற்றோர் ஆங்கிலச் சொல்லும் உண்டு. அது 'சஸ்பெக்ட்'. இரண்டுக்கும் சந்தேகித்தல் என்றே பொருள் சொல்லிப் பழகியதால், இரண்டும் ஒன்றே என்று மாணவர் கொள்கின்றனர். உண்மையில் அவை எதிரெதிர்த் திசையில் செல்வன. ஒருவன் வந்தான் என்பதை நான் 'டவுட்' செய்தால், அவன் வந்திருக்கமாட்டான் என்பது என் எண்ணம். அதையே 'சஸ்பெக்ட்' செய்தால், வந்திருப்பான் என்பது என் எண்ணம். முன்னது 'இல்லை' என்னும் பக்கம் சாய்கிறது. பின்னது 'ஆம்' என்னும் பக்கம் சாய்கிறது.

இரண்டும் இலத்தீன் மொழியில் வேர்கொண்டவை. 'டவுட்' என்பது இரண்டு என்னும் எண்ணுப் பெயரோடு உறவுடையது; மனம் இருபாற்பட்டு நிற்றலைக் குறிப்பது. அதில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' என்னும் எழுத்து, இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலத்தார் சேர்த்தது. 'சஸ்பெக்ட்' என்பதோ கீழிருந்து நோக்குதல் என்னும் பொருளில் பிறந்தது.

இவ்வேறுபாட்டின் அருமையை நாளிதழில் காணலாம். 'சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைது' என்று ஒரு செய்தி வரும். 'சந்தேகத்தின் பலனை அளித்து ஒருவர் விடுதலை' என்று மற்றொரு செய்தி வரும். ஒரே சொல் ஒருவரைச் சிறைக்கு அனுப்புகிறது. மற்றொருவரைச் சிறையினின்று மீட்கிறது! காவலர் கொண்ட சந்தேகம் 'சஸ்பிஷன்'. நீதிபதி கொண்ட சந்தேகம் 'டவுட்'.

இதனால் தமிழ் வறியது என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலம் சொல்லில் வைக்கும் வேற்றுமையை நாம் வாக்கிய அமைப்பில் வைக்கிறோம். "அவன் எடுத்தான் என்பது சந்தேகம்" என்றால் எடுத்திருக்கமாட்டான் என்பது குறிப்பு. "அவன் எடுத்திருப்பான் என்று சந்தேகம்" என்றால் எடுத்திருப்பான் என்பது குறிப்பு. பேசும்போது இவ்வமைப்பு நம்மைக் காக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது சொல்லை மட்டும் பெயர்த்தால் கைவிட்டுவிடுகிறது.

கல்லூரி மாணவருக்கு ஒரு குறிப்பு: ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டவுட்' என்பது 'சஸ்பெக்ட்' என்னும் பொருளிலும் வழங்கிற்று. 'ஹாம்லெட்' நாடகத்தில் அவ்வழக்கைக் காணலாம். ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் அது பின்னும் நிலைத்தது. அவ்விடங்களில் இன்றைய பொருளைக் கொண்டு படித்தால் கருத்துத் தலைகீழாகிவிடும்.

இத்துணை விரிவாக இதனைக் கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஆசிரியனான இரண்டாம் ஆண்டில், சுற்றுலாவுக்காக மாணவரிடம் திரட்டிய பணத்தில் நூற்றிருபது ரூபாய் குறைந்தது. பணம் திரட்டியவன் என் வகுப்பு மாணவத் தலைவன். தாளாளர் என் கருத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு பணித்தார். அவன் எடுத்தான் என்பது சந்தேகமே என்று எழுத எண்ணினேன். என் பேனா எழுதியதோ 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி டுக் தி மணி'. அவனுக்காகப் பரிந்து பேசியதாக எண்ணி நான் மகிழ்ந்திருந்தேன். மறுநாள் அவனைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டனர்.

பத்து நாட்களுக்குப் பின், அத்தொகை வேறொரு வகுப்பின் கணக்கில் தவறுதலாக வரவு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தாளாளர் என்னை அழைத்து என் கடிதத்தையே முன்வைத்து, "நீர் எழுதியதை நம்பித்தானே அனுப்பினோம்?" என்றார். அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. மாணவன் திரும்பி வந்தான். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆயினும், அதுகாறும் நாள்தோறும் "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று எழுந்து நின்றவன், அதன்பின் என் வகுப்பில் ஒருநாளும் எழுந்ததில்லை.

ஆகவே, மாணவர்களே, இவ்விரு சொற்களில் ஒன்றை எழுதுமுன், உங்கள் உள்ளம் எப்பக்கம் சாய்கிறது என்று ஒரு கணம் நின்று பாருங்கள். 'இல்லை' என்றால் 'டவுட்'. 'ஆம்' என்றால் 'சஸ்பெக்ட்'. அறியும் விருப்பம் மட்டுமே என்றால் 'கொஸ்சின்'. தேர்வில் இதற்குக் கிடைப்பது ஒரு மதிப்பெண்ணாக இருக்கலாம். தேர்வுக்கு வெளியே இதன் விலை அவ்வளவு சிறிதன்று.